செயல்முறை வடிவமைப்பு கற்க நான்கு வழிகள்: யாருக்கு எது முதலில்?

மென்பொருள் சோதனையில் சில வருடங்கள் இருந்துவிட்டு பிசினஸ் அனலிஸ்ட் ஆக நினைப்பவர்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில் பேக்எண்ட் (பின்னணி நிரல்) எழுதுபவர்கள், சிறிய நிறுவனத்தில் கணக்கு, கொள்முதல், விடுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கவனிப்பவர்கள். சிங்கப்பூரில் இந்த மூன்று தரப்பிலிருந்தும் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "பிபிஎம்என் படிக்கணுமா, ஃப்ளோசார்ட்டே போதுமா? டெம்போரல் மாதிரி கோடிலேயே எழுதிடலாமா? ஆபீஸ்ல பவர் ஆட்டோமேட் இருக்கே, அதையே நல்லாக் கத்துக்கிட்டா என்ன?"

செயல்முறை வடிவமைப்பு என்றால், ஒரு வேலை யாரிடமிருந்து யாருக்கு, எந்த வரிசையில் போகிறது என்று வகுப்பது. பிபிஎம்என் அதை வரைவதற்கான தரப்படுத்தப்பட்ட குறியீட்டு முறை, அந்தப் படத்தை எஞ்சின் எனப்படும் மென்பொருள் ஓட்டவும் முடியும். டெம்போரல் அதே வேலையை நிரலாக எழுதி ஓட்டும் கருவி. பவர் ஆட்டோமேட் அதிகம் நிரல் எழுதாமலே அமைக்கும், அதாவது லோ-கோடு, மைக்ரோசாஃப்ட் கருவி. நான்குக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் வரைவதை யார் படிக்கப்போகிறார்கள், நடுவழியில் ஏதாவது தவறினால் அதை யார் எப்படிச் சரிசெய்வார்கள் என்ற இரண்டைத் தெளிவாக்கிக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். எல்லாம் நல்லபடியாக நடக்கும் பாதையை வரைய யாருக்கும் சிரமமில்லை. அனுமதி வருவதற்குள் கப்பல் வந்துவிட்டால் என்ன செய்வது, ஒப்புதல் தரவேண்டியவர் ஊருக்குப் போயிருந்தால் யார் தருவது, முன்பணம் கட்டிய பிறகு ஆர்டர் ரத்தானால் பணம் எப்படித் திரும்பும்? இந்தத் துறையில் சம்பளம் தருவது இந்தக் கேள்விகளுக்காகத்தான். அவற்றைக் கேட்க உங்களைப் பழக்கும் வழியே உங்களுக்கு நல்ல வழி என்பது என் கருத்து.

## அளந்து பார்க்க ஒரு செயல்முறை

பொத்தாம்பொதுவாகப் பேசினால் நான்கு வழியும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே ஒரு வேலையை உரைகல்லாக வைத்துக்கொள்வோம். தேக்கா வட்டாரத்துக் கடைகளுக்குப் பருப்பும் மசாலாவும் மொத்தமாகத் தரும் ஓர் இறக்குமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போகிறது. தூத்துக்குடியில் இருக்கும் ஏற்றுமதியாளர் உறுதி செய்கிறார். முன்பணம் போகிறது. அதன்பின் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஒருபக்கம் கன்டெய்னர் கப்பலேறி வருகிறது, மறுபக்கம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) வந்து சேர, அவற்றை வைத்து டிரேட்நெட் என்ற அரசு மின்தளத்தில் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பம் போகிறது. சரக்கு இறங்கிக் கிடங்குக்கு வருகிறது, மூட்டை எண்ணப்படுகிறது, மீதிப் பணம் போகிறது. முதல் ஆர்டரிலிருந்து கடைசிப் பணம் வரை ஒரு மாதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

தவறக்கூடிய இடங்களும் உண்டு. ஏற்றுமதியாளர் பதிலே சொல்லாமல் இருக்கலாம். ஆவணங்களுக்கு முன்பே கப்பல் வந்துவிடலாம். சிங்கப்பூர் உணவு அமைப்பு சரக்கை நிறுத்திச் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம். எண்ணும்போது மூட்டை குறையலாம்.

டிரேட்நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அது, பல அரசு அலுவலகங்களுக்குத் தனித்தனியாகத் தாள் சுமந்த வேலையை ஒரே மின்விண்ணப்பமாக மாற்றியது. தாளில் இருந்த படிவத்தை அப்படியே திரையில் ஏற்றியிருந்தால் அந்த மாற்றம் வந்திருக்காது. யார் யாரிடம் எதை ஒப்படைக்கிறார் என்ற வரிசையையே மாற்றியதால் வந்தது. செயல்முறையை மறுவடிவமைப்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள விரும்பும் தமிழ் மாணவர்களிடம் நான் முதலில் இதைப் படிக்கச் சொல்கிறேன். நம் கண்முன் இருக்கும் பாடம் இது.

## எந்த அளவுகோல்கள்

முதலாவது, படத்தைப் படிப்பவர். கிடங்கு மேற்பார்வையாளரும் கணக்காளரும் படித்து "இது தப்பு, இப்படி நடக்காது" என்று சொல்ல முடிய வேண்டுமா, அல்லது நிரலாளர்கள் மட்டும் படித்தால் போதுமா?

இரண்டாவது, காத்திருப்பு. வேலை சில நொடிகளில் முடிகிறதா, மனிதர்களுக்காகவும் வெளி நிறுவனங்களுக்காகவும் நாள்கணக்கில் காத்திருக்கிறதா? இந்த ஒரு கேள்வியே பல கருவிகளைக் கழித்துவிடும்.

மூன்றாவது, உடைந்தால் என்ன ஆகும் என்பது. மறுமுயற்சி, திரும்பப் பெறுதல், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் நடுவில் விதி மாறினால் என்ன செய்வது ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

நான்காவது, செலவு. கட்டணத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பராமரிப்பு, உரிமம், ஆள் மாறினால் அறிவு போய்விடுவது ஆகியவற்றைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

| | ஃப்ளோசார்ட், ஸ்விம்லேன் | பிபிஎம்என், எஞ்சினுடன் | கோடாக எழுதுவது | லோ-கோடு |
|---|---|---|---|---|
| யார் படிக்கலாம் | எல்லோரும் | சற்றே விளக்கினால் எல்லோரும் | நிரலாளர் | அமைத்தவரும் அதே கருவி தெரிந்தவரும் |
| நீண்ட காத்திருப்பு | காட்ட உறுதியான வழியில்லை | நன்றாகக் கையாளும் | நன்றாகக் கையாளும் | வரம்பு உண்டு |
| தவறினால் | படம் பதில் சொல்லாது | படத்திலேயே தெரியும் | கோடில் முழுக் கட்டுப்பாடு | எளிய மறுமுயற்சி வரை |
| மறைந்த செலவு | ஆளுக்கொரு பொருள் | உரிமம், எஞ்சின் பராமரிப்பு | பதிப்பு மாற்றம், வணிகத்துறை விலகிப்போவது | உரிமம், உரிமையாளர் வெளியேறுவது |
| அடிப்படை பிடிபட | ஒரு வாரம் | இரண்டு மூன்று மாதம் | நிரலாளருக்கு ஓரிரு மாதம் | சில நாள் |

கடைசி வரிசையில் இருக்கும் காலம் வேலை பார்த்துக்கொண்டே மாலைநேரத்தில் படிப்பவர்களை மனதில் வைத்து நான் சொல்வது.

## முதல் வழி: ஃப்ளோசார்ட்டும் ஸ்விம்லேனும்

ஃபிராங்க் கில்பிரெத்தும் லிலியன் கில்பிரெத்தும் 1921ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வேலையைப் படிப்படியாக வரைந்து காட்டும் முறையை வைத்தார்கள். நூறாண்டு தாண்டியும் அது நிலைப்பதற்குக் காரணம், யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பதே. டிரா.ஐஓ இலவசம், ஒட்டுத்தாளும் சுவரும் இருந்தால் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு தடம் போட்டு அதற்குள் வேலைகளை வைத்தால் ஸ்விம்லேன்.

நம் பருப்பு இறக்குமதியை இப்படி வரைந்து கிடங்கு மேற்பார்வையாளரிடம் காட்டினால், பத்து நிமிடத்தில் நான்கு திருத்தம் சொல்வார். அந்தத் திருத்தங்களுக்கு விலையே கிடையாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரம் இங்கேதான் செலவாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சிக்கல் பிறகு வருகிறது. ஒரு பெட்டியிலிருந்து இரண்டு அம்பு புறப்பட்டால், இரண்டும் நடக்குமா, ஏதாவது ஒன்று நடக்குமா? ஒருவர் ஒருவிதமாக வரைவார், அடுத்தவர் வேறுவிதமாகப் படிப்பார். காத்திருப்பதற்கென்று உருவமே இல்லை. "பதில் வரும்வரை நில்" என்று பெட்டிக்குள் எழுதினால், எத்தனை நாள் நிற்பது என்று யாரும் கேட்பதில்லை. மென்பொருள் எழுதுபவர் அந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்புகிறார். மறைந்த செலவு அதுதான்.

மென்பொருளை வரைந்து காட்டும் யூஎம்எல் முறையின் ஆக்டிவிட்டி வரைபடம் இதில் ஒரு படி மேலே. ஒரே நேரத்தில் நடப்பதைத் தடித்த கோட்டால் பிரித்து, இன்னொரு தடித்த கோட்டால் சேர்க்கும். கல்லூரியில் யூஎம்எல் படித்தவர்களுக்கு இது கைவந்த கலை. வணிகத்துறை ஆட்களோடு பேச அதைவிட பிபிஎம்என் உதவும் என்பதால் இங்கே அதிகம் சொல்லவில்லை.

## இரண்டாவது வழி: பிபிஎம்என், அதை ஓட்டும் எஞ்சின்

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். கற்றுக்கொள்ள மிகுதியாக இருப்பதும், தவறாகக் கற்றுக்கொடுக்கப்படுவதும் இதுதான்.

பிபிஎம்என் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்பு மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பின் கைக்கு வந்து, 2.0 பதிப்பு 2011 ஜனவரியில் வெளியானது. 2013ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 19510 என்ற பன்னாட்டுத் தரமும் ஆனது. 2.0 முக்கியமானதற்குக் காரணம், வரைந்த படத்தையே எஞ்சின் ஓட்டும் அளவுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் துல்லியமான பொருள் தரப்பட்டதே.

புத்தகத்தைத் திறந்தவுடன் குறியீடுகளின் கூட்டத்தைப் பார்த்துப் பலர் மூடிவிடுகிறார்கள். மூட வேண்டியதில்லை. மைக்கேல் சூர் மியூலனும் யான் ரெக்கரும் 2008ஆம் ஆண்டில் 120 பிபிஎம்என் படங்களை ஆராய்ந்தபோது, சராசரிப் படம் ஒன்று கிடைக்கும் குறியீடுகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று கண்டார்கள். வேலை, தொடக்கம், முடிவு, இரண்டு கேட்வே (பாதை பிரியும் அல்லது சேரும் இடம்), செய்தி, டைமர், குளமும் தடமும் (நிறுவனமும் அதன் துறைகளும்), துணைச் செயல்முறை. முதல் மாதத்துக்கு இவை போதும்.

அந்தச் சிலவற்றை ஆழமாகப் புரிந்துகொள்ள ஒரே வழி டோக்கன். படத்தின் தொடக்கத்தில் ஒரு டோக்கன் பிறந்து அம்புகள் வழியாக நகர்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'இரண்டில் ஒன்று' கேட்வேயில் அது ஒரு பாதையை எடுக்கும். 'இரண்டும்' கேட்வேயில் இரண்டாகப் பிரியும். சேரும் 'இரண்டும்' கேட்வே இரண்டு டோக்கனும் வரும்வரை நிற்கும். இந்தக் கருத்தின் வேர் கார்ல் ஆடம் பெட்ரி 1962ஆம் ஆண்டில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு வரை போகிறது.

இதைப் பருப்பில் பொருத்திப் பாருங்கள். கப்பலும் ஆவணமும் 'இரண்டும்' கேட்வேயில் பிரிந்தன. அவற்றை 'இரண்டில் ஒன்று' கேட்வேயால் சேர்த்துவிட்டால், முதல் டோக்கன் வந்ததும் கடந்துபோகும், இரண்டாவதும் வந்து கடந்துபோகும். மீதிப் பணம் இரண்டு முறை போய்விடும். தலைகீழாக, 'இரண்டில் ஒன்று' கேட்வேயில் பிரித்து 'இரண்டும்' கேட்வேயில் சேர்த்தால், வரவே போகாத டோக்கனுக்காக ஆர்டர் முடிவில்லாமல் நிற்கும். காகிதத்தில் இரண்டு படமும் அழகாகவே இருக்கும். பிபிஎம்என்.ஐஓ தளத்தின் இலவசக் கருவிக்கு டோக்கன் ஓடுவதைக் காட்டும் துணைநிரல் உண்டு. உங்கள் படத்தை அதில் ஓட விட்டால் இந்தத் தவறுகள் கண்முன்னே வந்து நிற்கும். காசு கொடுத்துப் படிக்கும் பல வகுப்புகளில் இது கிடைப்பதில்லை.

அடுத்து, காத்திருப்பு. ஏற்றுமதியாளர் பதில் சொல்லாத பிரச்சினைக்கு நிகழ்வு சார்ந்த கேட்வே இருக்கிறது: உறுதி வந்தால் ஒரு பாதை, மறுப்பு வந்தால் ஒரு பாதை, ஐந்து நாள் ஆனால் ஒரு பாதை, எது முதலில் வருகிறதோ அது. ஒப்புதல் தரவேண்டியவர் தாமதித்தால், அந்த வேலையின் விளிம்பில் ஒரு டைமர். அதன் வட்டம் விட்டுவிட்ட கோடாக இருந்தால் வேலை தொடரும், நினைவூட்டல் மட்டும் போகும். முழுக்கோடாக இருந்தால் வேலையே நிறுத்தப்பட்டு மேலாளருக்குப் போகும். ஒரு கோட்டின் வேறுபாட்டில் ஒரு நிறுவனத்தின் கொள்கை அடங்கியிருக்கிறது. "மூன்று நாளில் நினைவூட்டணுமா, வேற ஆள்கிட்ட மாத்தணுமா?" என்று வணிகத்துறையிடம் கேட்க உங்களைக் கட்டாயப்படுத்துவது இந்தக் குறியீடுதான். ஃப்ளோசார்ட் இந்தக் கேள்வியைக் கேட்காது.

முடிவுகளைப் படத்துக்குள் அடுக்காதீர்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு முன்பணம், யார் கையெழுத்து என்பதெல்லாம் கேட்வேகளாக வளர்ந்தால் படம் காடாகிவிடும். அவற்றை டிஎம்என் (முடிவு விதிகளை எழுதும் முறை) அட்டவணையாகத் தனியே எடுத்துவிட்டால், விதி மாறும்போது படம் மாறாது.

இனி மறைந்த செலவுகள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பகுதி கமுண்டா என்ற எஞ்சினின் 7ஆம் பதிப்பை வைத்து எழுதப்பட்டவை. அதன் சமூகப் பதிப்பின் வெளியீடுகள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. கமுண்டா 8 வேறு கட்டமைப்பு: எஞ்சினுக்குள்ளேயே ஜாவா வகுப்பை ஓட்டிய பழைய பழக்கம் போய், தனியே ஓடும் வொர்க்கர்கள் (சிறு நிரல்கள்) வேலையை எடுத்துச் செய்கின்றன. 2024 அக்டோபரில் வந்த 8.6 பதிப்பிலிருந்து அதை நேரடிப் பயன்பாட்டில் ஓட்ட உரிமம் வாங்க வேண்டும். கற்பதற்கும் சோதிப்பதற்கும் தடையில்லை. திறந்த மூலம் அவசியம் என்றால் ஃப்ளோவபிள் என்ற எஞ்சின் இருக்கிறது. எதைப் படித்தாலும் பாடத்தின் பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள்.

இன்னொரு செலவு சட்டம் சார்ந்தது. எஞ்சின்கள் ஒவ்வொரு ஆர்டரின் மாறிகளையும் (பெயர், தொகை போன்ற மதிப்புகளை) வரலாறாகச் சேமிக்கும். அதற்குள் ஒருவரின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுவிட்டால், அது வரலாற்று அட்டவணைகளில் வெகுகாலம் கிடக்கும். 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2019 செப்டம்பர் முதல் அடையாள அட்டை எண்களைச் சேகரிப்பதில் வந்த கட்டுப்பாடும் இங்கே நேரடியாகப் பொருந்தும். மாறியில் ஒரு குறிப்பு எண்ணை மட்டும் வைத்து, விவரத்தை உரிய தரவுத்தளத்தில் விட்டுவிடுவது நல்ல வழக்கம்.

பல துறைகள் கைமாறும் வேலை, தணிக்கைக்குக் காட்ட வேண்டிய வேலை, மனித ஒப்புதல் நிறைந்த வேலை என்றால் இந்த வழியே சிறந்தது. வங்கி, காப்புறுதி, சரக்குப் போக்குவரத்து, அரசுத் திட்டங்களுக்கு மென்பொருள் தரும் நிறுவனங்கள் என்று சிங்கப்பூரில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய.

## மூன்றாவது வழி: ஒர்க்ஃப்ளோவைக் கோடாக எழுதுவது

ஊபரில் உருவான கேடன்ஸ் என்ற மென்பொருளிலிருந்து 2019ஆம் ஆண்டில் பிரிந்து வளர்ந்தது டெம்போரல். சாதாரண நிரல்போலவே எழுதுகிறீர்கள்: முன்பணம் அனுப்பு, அனுமதிக்குக் காத்திரு, முப்பது நாள் தூங்கு. சர்வர் நடுவில் விழுந்து எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடந்த ஒவ்வொன்றையும் நிகழ்வு வரலாறாகப் பதிந்து, மறுபடி எழும்போது அதே கோடை அந்த வரலாற்றின்மேல் ஓட்டிப் பழைய நிலைக்கு வருவதே இதன் அடிப்படை.

அந்த அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் எழுதுவது ஆபத்து. ஒர்க்ஃப்ளோ கோடுக்குள் கடிகார நேரத்தையோ தற்செயல் எண்ணையோ வெளி இணைப்பையோ நேரடியாகத் தொடக்கூடாது. தொட்டால் மறு ஓட்டத்தில் வேறு பாதை எடுத்து உடையும். ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான ஆர்டர்களுக்கு நடுவில் ஒரு படியை இடையில் செருகினால், பழையவை பழைய பாதையிலும் புதியவை புதிய பாதையிலும் போகும்படி பதிப்புக் குறியிட வேண்டும். இந்தக் குறிகள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை அகற்றவும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஓர் ஒர்க்ஃப்ளோவின் வரலாறு 51,200 நிகழ்வுகளையோ 50 எம்பியையோ தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. தினமும் கன்டெய்னரின் இருப்பிடத்தை மணிக்குப் பலமுறை கேட்டுப் பதியும் வடிவமைப்பு அதில் போய் முட்டும். டெம்போரல் சர்வர் திறந்த மூலம்தான். ஆனால் அதை நீங்களே நடத்த ஆள் வேண்டும், அல்லது கிளவுட் சேவைக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் இதற்குப் பக்கத்தில் வருகிறது. 2016 டிசம்பரில் வந்தது. படிகளை ஜேசன் என்ற உரைவடிவில் எழுதினால் அதுவே படமாகத் தெரியும். ஸ்டாண்டர்ட் வகை ஓராண்டு வரை காத்திருக்கும், எக்ஸ்பிரஸ் வகை ஐந்து நிமிடம் மட்டுமே. ஸ்டாண்டர்டில் ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் கட்டணம் என்பதால், நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் படிகளாக வெட்டிப் போட்டால் மாத இறுதியில் பில் பேசும்.

(ஏர்ஃப்ளோவை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். தரவுகளைக் குறித்த நேரத்தில் தொகுதி தொகுதியாக நகர்த்த அது நல்ல கருவி. ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஆர்டரையும் வாரக்கணக்கில் சுமக்க அது உருவாக்கப்படவில்லை.)

இந்த வழியில் கற்பவர்கள் தவறவிடக்கூடாத ஒரு கருத்து சாகா. 1987ஆம் ஆண்டில் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது. நீண்டநேரம் ஓடும் வேலையைச் சிறு பரிமாற்றங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்வேலையையும் எழுதி வைப்பது. முன்பணம் போன பிறகு ஆர்டர் ரத்தானால் தரவுத்தளத்தில் பின்வாங்க முடியாது. பணம் ஏற்றுமதியாளரின் வங்கியில் இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்பதோ, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதோ வேறொரு வேலை. அது தோற்றால் என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். பிபிஎம்என்னிலும் இதற்குக் குறியீடு உண்டு, ஆனால் கோடில் எழுதிப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் எதிர்வேலை எது என்ற கேள்வி நம்மை உட்காரவைக்கும்.

பெரிய மறைந்த செலவு மனிதர்கள் சம்பந்தப்பட்டது. கணக்காளர் கோடைப் படிக்க மாட்டார். "அனுமதி வராவிட்டால் என்ன நடக்கிறது?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிரலாளர் கோடைத் திறந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். படத்தைத் தனியே வைத்துக்கொண்டால், சில மாதங்களில் படமும் கோடும் வெவ்வேறு கதை சொல்லும். சேவைக்கும் சேவைக்கும் இடையே நடக்கும் வேலை, மனிதர் அதிகம் குறுக்கிடாத வேலை, நிரலாளர் குழுவே முழுப் பொறுப்பு என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

## நான்காவது வழி: லோ-கோடு

மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ என்று 2016ஆம் ஆண்டில் வந்து, 2019ஆம் ஆண்டில் பவர் ஆட்டோமேட் ஆனது. அலுவலகத்தில் ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம். விடுப்பு ஒப்புதல், இன்வாய்ஸ் மின்னஞ்சலைக் கோப்புறையில் சேர்ப்பது, படிவம் வந்ததும் தகவல் அனுப்புவது ஆகியவற்றுக்கு இதைவிட விரைவான வழி இல்லை. அரசு அலுவலர்களுக்கு ஓபன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் குழு உருவாக்கிய பிளம்பர் என்ற கருவி இருக்கிறது. ஃபார்ம்எஸ்ஜி படிவத்தோடு இணைத்துக்கொள்ளலாம். பொதுத்துறையில் இருப்பவர்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் நம் இறக்குமதியை இதில் ஒரே ஓட்டமாக அமைத்தால் மாட்டிக்கொள்வோம். பவர் ஆட்டோமேட்டில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். ஒப்புதல் கேட்டு நிற்கும் ஃப்ளோவும் அதோடு முடிந்துவிடும். ஒரு மாதத்தைத் தாண்டும் ஆர்டரை, நிலையைத் தனி அட்டவணையில் எழுதி வைத்து, பல சிறு ஃப்ளோக்களாகப் பிரித்தே செய்ய முடியும். செய்யலாம், ஆனால் அப்போது முழுச் செயல்முறை எங்கும் ஒரே இடத்தில் தெரியாது.

இன்னும் இரண்டு செலவு. பல இணைப்புகள் பிரீமியம் வகை. தனி உரிமம் வேண்டும். அதைவிடப் பெரியது, ஃப்ளோ ஒருவரின் கணக்கின் பெயரில் ஓடுவது. அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால், இணைப்புகள் செத்துப்போகும். மாதக் கடைசியில்தான் யாராவது கவனிப்பார்கள். ஆள் மாறுவது சகஜமான சிங்கப்பூரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. குழுவின் பெயரில் ஒரு சேவைக் கணக்கையும் இரண்டாவது உரிமையாளரையும் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

## கட்டணம், உதவித்தொகை, சான்றிதழ்

25 வயது நிரம்பிய சிங்கப்பூரருக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டாக 500 வெள்ளி தொடக்கத் தொகை உண்டு. 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். நிரந்தரவாசிகளுக்கு இந்தக் கிரெடிட் கிடையாது, ஆனால் பல படிப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்குச் சலுகையை நம்பித் திட்டமிட வேண்டாம். நிறுவனம் தராவிட்டால் முழுத் தொகையும் சொந்தப் பணம். ஒரே வகுப்பு பக்கத்து இருக்கைக்காரருக்கு மலிவாகவும் உங்களுக்குப் பல மடங்காகவும் இருக்கலாம். அந்த நிலையில் இலவச வழிகளை முதலில் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. கமுண்டா, டெம்போரல் இரண்டும் தங்கள் பயிற்சிப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

என்யுஎஸ்-ஐஎஸ்எஸ், என்டியுசி லேர்னிங்ஹப், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்ற இடங்களில் சேரும்முன் பாடத்திட்டத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்களே ஒரு செயல்முறையை வரைந்து, அதைப் பிறர் முன் வைத்துத் திருத்தம் வாங்கும் பயிற்சி இருக்கிறதா? அதுதான் தனியாகக் கற்பவருக்குக் கிடைக்காதது. ஸ்லைடும் வீடியோவும் வீட்டிலேயே கிடைக்கும்.

சான்றிதழில், ஓஎம்ஜியின் ஓசெப் 2 பிபிஎம்என்னை நேரடியாகச் சோதிக்கிறது. பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐஐபிஏவின் சிபேப் வாங்க 7,500 மணி நேர பிசினஸ் அனாலிசிஸ் அனுபவம் காட்ட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அதே அமைப்பின் இசிபிஏ இருக்கிறது. முதலில் வேலை, பிறகு சான்றிதழ் என்பது என் விருப்பம். விண்ணப்பம் வடிகட்டப்படும் இடத்தில் சான்றிதழ் கைகொடுக்கும். நேர்காணலில் ஒரு படத்தை வைத்துப் பத்து நிமிடம் பேச முடிவது அதைவிடக் கைகொடுக்கும்.

## யார் எங்கே தொடங்குவது

சோதனைத் துறையிலிருந்து வருபவர்கள் பிபிஎம்என்னில் தொடங்குங்கள். எது உடையும் என்று யோசிக்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. விளிம்பு டைமரும் பிழை நிகழ்வும் உங்கள் டெஸ்ட் கேஸ்களின் படவடிவம்தான். எஞ்சின் நிறுவுவதற்கு அவசரமில்லை. டோக்கனை ஓடவிட்டுப் பார்க்கும் கருவியே முதல் இரண்டு மாதத்துக்குப் போதும்.

பேக்எண்ட் எழுதுபவர்கள் டெம்போரலிலோ ஸ்டெப் ஃபங்ஷன்ஸிலோ தொடங்கலாம். நிறுவனம் எந்தக் கிளவுடில் இருக்கிறதோ அதை ஒட்டி முடிவெடுங்கள். ஆனால் கோடைத் தொடும்முன் அதே வேலையைப் பிபிஎம்என்னில் ஒரு பக்கத்துக்கு வரைந்து வணிகத்துறையில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தில் ஒப்புதல்களே அதிகம் என்றால், கோடு வழியை விட்டு எஞ்சின் வழிக்கே வந்துவிடுவது நல்லது. மனிதர்களுக்கான வேலைப்பட்டியல், மாற்று ஆள், நினைவூட்டல் எல்லாவற்றையும் கோடில் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

சிறிய நிறுவனத்தில் எல்லாவற்றையும் பார்ப்பவருக்கு ஸ்விம்லேனும் பவர் ஆட்டோமேட்டும் சேர்ந்தால் போதும். 30 நாளுக்குள் முடியும் வேலைகளை மட்டும் அதற்குக் கொடுங்கள். இறக்குமதி போன்ற நீண்டதை, ஒவ்வொரு ஆர்டரின் நிலையும் தெரியும் ஓர் அட்டவணையில் கையால் நடத்துவது இப்போதைக்குத் தவறில்லை. மாதத்துக்கு நான்கைந்து கன்டெய்னர் வரும் நிறுவனத்துக்கு எஞ்சின் வாங்குவதில் நியாயம் இல்லை.

மாணவர்கள் நான்கையும் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரே செயல்முறையை எடுத்து நான்கிலும் செய்து பார்ப்பதாக இருந்தால் அந்த ஆசை நல்லது. பெற்றோரின் கடை, தாதிமை இல்லத்தில் தொண்டூழியம், தமிழ் மன்றத்தின் நிகழ்ச்சி ஏற்பாடு என்று நீங்கள் நேரில் பார்த்த வேலையாக இருக்கட்டும். அதில் குறைந்தது ஒரு காத்திருப்பும், ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலையும், நடுவில் ரத்தாகும் ஒரு நிலையும் இருக்க வேண்டும். வரைந்ததை அந்த வேலையைத் தினமும் செய்பவரிடம் கொடுத்து, உங்கள் உதவியின்றிச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே படத்தைத் திருத்திவிட்டு அடுத்த கருவிக்குப் போங்கள்.